வாடகை வீட்டின் மின்சாரம், தண்ணீர், பொதுச்செலவு: புதிய உரிமையாளருக்கான வழிகாட்டி

வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்குகிறவரிடம் மாத வாடகை எவ்வளவு வரும் என்று கேட்டால் உடனே பதில் கிடைக்கும். மாடிப்படி விளக்கு யாருடைய மீட்டரில் ஓடுகிறது, தண்ணீர்க் கட்டணம் யார் பெயரில் வருகிறது, வீடு காலியாக இருக்கும் மாதத்தில் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள். வாடகையை ஒருமுறை பேசி முடித்துவிட்டால் ஒப்பந்தம் முடியும்வரை அதைப் பற்றிப் பேச்சு எழாது. மின்சாரமும் தண்ணீரும் அப்படி இல்லை. தொகை ஒவ்வொரு முறையும் மாறும், ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் "ஏன் இவ்வளவு?" என்று கேட்பார். அதற்கு நேரான பதில் உங்களிடம் இருந்தால் நல்ல குடித்தனக்காரர் பல ஆண்டுகள் தங்குவார். இல்லாவிட்டால் ஒரு சின்னத் தொகைக்காக நல்ல குடும்பம் ஒன்று வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விடும்.

இந்தக் கட்டுரை முழுவதையும் ஒரே விதியை அடிப்படையாக வைத்து எழுதுகிறேன்: குடியிருப்பவர் ஒரு தாளை எடுத்துத் தானே கூட்டிப் பார்க்க முடியாத கணக்கு எதையும் அவருக்கு அனுப்பாதீர்கள். எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது, எந்த மீட்டரை வாங்குவது என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் இந்த விதியை வைத்து முடிவெடுக்கலாம்.

கீழே வரும் தொகைகள் எந்த நாட்டு நாணயத்தையும் குறிக்கவில்லை. கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள் அவை.

1. வாங்குவதற்கு முன் 12 மாத பில்களைக் கேளுங்கள்

விற்பவர் வாடகை ரசீதுகளைக் காட்டுவார். மின்சாரம், தண்ணீர், எரிவாயு, கழிவுநீர், குப்பை, குடியிருப்போர் சங்கப் பராமரிப்பு ஆகியவற்றின் கடந்த 12 மாத பில்களையும் கேட்டு வாங்குங்கள். 12 மாதம் என்பதற்குக் காரணம் பருவம்தான். வெயில் காலத்திலோ குளிர் காலத்திலோ பயன்பாடு இரட்டிப்பாகலாம். இரண்டு மாத பில்லைப் பார்த்துவிட்டு ஆண்டுச் செலவை ஊகிக்க முடியாது.

இந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதே வீட்டின் விலையை மாற்றிவிடும். ஒரு வீட்டின் விலை 1,50,000. மாத வாடகை 1,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000, அதாவது 8 சதவீத வருமானம். தண்ணீருக்கும் பொது விளக்குக்கும் மாதம் 120 உரிமையாளரே கட்டிவருகிறார் என்பது பில்லைப் பார்த்த பிறகு தெரிகிறது. ஆண்டுக்கு 1,440 போனால் மிஞ்சுவது 10,560. வருமானம் 7.04 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. உங்களுக்கு 8 சதவீதம்தான் வேண்டுமென்றால் அந்த வீட்டுக்கு 1,32,000-க்கு மேல் கொடுக்கக் கூடாது. மாதம் 120 என்ற சிறு தொகை, பேரம் பேசும் மேசையில் 18,000 ஆகிவிடுகிறது. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் விற்பவரால் அதை மறுக்க முடியாது.

பழைய பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். பல இடங்களில் தண்ணீர், சொத்து தொடர்பான பாக்கிகளும் சங்க நிலுவையும் ஆளைத் தொடர்வதில்லை. சொத்தோடு ஒட்டிக்கொண்டு புதிய உரிமையாளர் தலையில் விழும். நிலுவை ஏதும் இல்லை என்ற சான்றைப் பத்திரப் பதிவுக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

2. எந்த மீட்டர் எதை அளக்கிறது என்று நேரில் பாருங்கள்

மீட்டர் பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பழைய கட்டடங்களில் அறையைப் பிரித்திருப்பார்கள், மாடி எழுப்பியிருப்பார்கள், மோட்டாருக்கு எங்கிருந்தோ ஒயர் இழுத்திருப்பார்கள். கீழ்வீட்டுக்காரர் ஆண்டுக்கணக்கில் மாடிப்படி விளக்குக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பது அபூர்வமான செய்தி இல்லை.

சோதிப்பது எளிது. ஒரு வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அந்த வீட்டு மீட்டரைப் பாருங்கள். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். அதன் அருகில் 1 யூனிட்டுக்கு (1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடும் அளவுக்கு) எத்தனை துடிப்பு, அதாவது எத்தனை முறை மின்னும், என்று அச்சிட்டிருப்பார்கள். 1600, 3200 போன்ற எண்கள் இருக்கும். மெயின் அணைந்த பிறகும் விளக்கு மின்னினால் வீட்டுக்கு வெளியே வேறெதுவோ அந்த மீட்டரில் ஓடுகிறது. எவ்வளவு என்பதைக்கூட அங்கேயே நின்று கணக்கிடலாம். 12 விநாடிக்கு ஒரு முறை மின்னினால் ஒரு மணி நேரத்தில் 300 துடிப்பு. மீட்டரில் 3200 என்று போட்டிருந்தால் அது ஏறத்தாழ 94 வாட். ஒன்றிரண்டு பழைய பல்புகளின் அளவு. மாடிப்படிக்குப் போய்ப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

தண்ணீருக்கும் இதே வழிதான். ஒரு வீட்டுக்கு உள்ளே வரும் வால்வை மூடிவிட்டு எந்தக் குழாயில் தண்ணீர் நிற்கிறது, எந்த மீட்டர் நிற்கிறது என்று பாருங்கள். முடிந்ததும் ஒரு தாளில் படம் வரைந்துவிடுங்கள்: எந்த மீட்டர் எண், எந்த வீடு, மோட்டார் எதில், லிப்ட் எதில், வெளிவிளக்கு எதில். பிற்பாடு பிளம்பரோ எலெக்ட்ரீஷியனோ வரும்போதெல்லாம் இந்தத் தாள் அரை நாள் கூலியை மிச்சப்படுத்தும்.

மீட்டர்கள் கலந்திருந்தால் குடியிருப்பவர் வருவதற்கு முன்பே சரிசெய்யுங்கள். ஒருவர் மற்றொருவரின் விளக்குக்குப் பணம் கட்டுவதை எந்த ஒப்பந்தத்தாலும் நியாயமாக்க முடியாது.

3. எது குடியிருப்பவர் செலவு, எது உங்கள் செலவு?

பொதுச்செலவு என்ற ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் போட்டுப் பங்கு பிரிக்கும் பழக்கம் தவறானது. ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்தச் செலவு வீட்டைப் பயன்படுத்துவதால் வருகிறதா, கட்டடம் கட்டடமாக நிற்பதற்காக வருகிறதா? மாடிப்படி விளக்கின் மின்சாரம், மோட்டார் ஓடும் மின்சாரம், படி கூட்டும் ஆளின் சம்பளம், தொட்டி கழுவும் கூலி ஆகியவை பயன்பாட்டால் வருகின்றன. குடியிருப்பவர்கள் பகிர்ந்துகொள்ளலாம். எரிந்துபோன மோட்டாரை மாற்றுவது, தளத்தில் நீர்க்கசிவை அடைப்பது, லிப்டின் கம்பிவடத்தைப் புதிதாகப் போடுவது, சங்கத்தின் மூலதன நிதி, கட்டடக் காப்பீடு ஆகியவை உங்களுடையவை. அவற்றுக்காகத்தான் வாடகை வாங்குகிறீர்கள்.

தரைத்தளத்தில் இருப்பவர் லிப்டுக்குப் பணம் தர வேண்டுமா என்ற கேள்வி எப்போதும் வரும். மொட்டை மாடிக்குப் போகவோ வண்டி நிறுத்தும் அடித்தளத்துக்குப் போகவோ அவர் லிப்டைப் பயன்படுத்துவார் என்றால் பங்கு கேட்கலாம். இல்லையென்றால் அவரை விட்டுவிடுவதே நல்லது. சட்டம் அனுமதித்தாலும் மனம் ஒப்பாத பணத்தை மாதாமாதம் ஒருவரிடம் வாங்குவது நல்ல முதலீடு ஆகாது.

4. பங்கிடும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

சிறந்த முறை ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இணைப்பு. பில் நேரடியாகக் குடியிருப்பவர் பெயரில் அல்லது அவர் கைக்கே போக வேண்டும். உங்களுக்கு வேலையே இல்லை. அதற்கு வழியில்லாதபோதுதான் மற்றவை.

வாடகையிலேயே எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாக வாங்குவது புதியவர்களுக்குப் பிடித்த வழி. கணக்கே வேண்டாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் பயன்பாட்டுக்கும் பணத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுவதால் ஏசி நாள் முழுக்க ஓடும், ஹீட்டர் அணையாது. தனித்தனி அறைகளை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு வேறு வழி இருக்காது. அவர்கள் உச்சவரம்பு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். "மாதம் 100 யூனிட்வரை வாடகையில் அடக்கம், அதற்கு மேல் போனால் பில்லில் வரும் சராசரி விலை" என்று எழுதிவிட்டால் இரு பக்கமும் நிம்மதி. அதற்கும் அறைக்கு ஒரு மீட்டர் வேண்டும்.

தனி மீட்டர் இல்லாத தண்ணீரைப் பிரிப்பதுதான் கடினம். நான்கு வீடுகள், ஒரே பில், தொகை 1,200. முதல் வீட்டில் ஒருவர், இரண்டாவதில் 2 பேர், மூன்றாவதில் 4, நான்காவதில் 5. மொத்தம் 12 பேர். வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரித்தால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் இல்லாமல் ஒவ்வொரு வீடும் 300 கட்டும். தனியாக இருப்பவருக்கு அது அநியாயம். ஆளுக்கு ஒரு பங்கு என்றால் 100, 200, 400, 500. இது நியாயமாகத் தெரியும். ஆனால் தொட்டி கழுவும் நீர், செடிக்கு ஊற்றும் நீர், பில்லில் வரும் நிலையான கட்டணம் ஆகியவை ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தவை அல்ல. ஆகவே இரண்டையும் கலப்பது நல்லது. 30 சதவீதத்தை வீட்டுக்கு ஒரு பங்காகவும் 70 சதவீதத்தை ஆள் கணக்காகவும் பிரியுங்கள். 360-ஐ நான்கால் வகுத்தால் வீட்டுக்கு 90. 840-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் ஆளுக்கு 70. நான்கு வீடுகளும் முறையே 160, 230, 370, 440 கட்டும். கூட்டினால் 1,200.

இப்படிக் கலப்பது வெறும் சமாதான ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் 1981 முதல் நடைமுறையில் உள்ள சூடாக்கல் செலவு விதிமுறை, மையச் சூடாக்கலின் (ஒரே இடத்திலிருந்து கட்டடம் முழுவதையும் சூடாக்கும் ஏற்பாட்டின்) செலவில் 50 முதல் 70 சதவீதம்வரை அளந்த பயன்பாட்டின்படியும் மீதியைப் பரப்பளவு போன்ற நிலையான அளவுகோலின்படியும் பிரிக்கச் சொல்கிறது. காரணம் புரியக்கூடியது: நடுத்தளத்து வீடு மேலும் கீழும் இருக்கும் வீடுகளின் வெப்பத்தைத் தரை, கூரை வழியே இலவசமாகப் பெறும், கூரைக்கு அடியில் இருப்பவர் அதே கதகதப்புக்கு அதிகம் செலவழிக்க வேண்டும். அளந்த பயன்பாட்டை மட்டும் வைத்துப் பிரித்தால் மேல்தளத்துக்காரருக்குத் தண்டனை ஆகிவிடும்.

ஆள் எண்ணிக்கையை எப்படி எண்ணுவது என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள். கைக்குழந்தை கணக்கில் உண்டா? விருந்தாளி எத்தனை நாள் தங்கினால் கணக்கில் வருவார்? 14 நாளுக்கு மேல் தங்கினால் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டால் வாக்குவாதம் குறையும். அதைவிட முக்கியம், யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று வேவு பார்க்கும் நிலைக்கு நீங்கள் இறங்கக் கூடாது. அவர்கள் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

5. சப் மீட்டர் கணக்கும் அதில் ஒளிந்திருக்கும் அநியாயமும்

மெயின் மீட்டர் ஒன்று, அதன் கீழே வீட்டுக்கு ஒரு சப் மீட்டர். பரவலான ஏற்பாடு இது. ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். மெயின் மீட்டரில் 600 யூனிட். பில் 3,720, அதில் நிலையான கட்டணம் 120, மின்சாரத்துக்கு 3,600. சப் மீட்டர்கள் காட்டுவது: கீழ்த்தளம் 170, முதல் தளம் 230, இரண்டாம் தளம் 110. மொத்தம் 510. மீதி 90 யூனிட் பொதுப் பயன்பாடு.

3,600-ஐ 600-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 6. கீழ்த்தளத்துக்கு 1,020, முதல் தளத்துக்கு 1,380, இரண்டாம் தளத்துக்கு 660. பொது 90 யூனிட்டுக்கு 540. அதோடு நிலையான கட்டணம் 120 சேர்ந்து 660. மூன்றால் வகுத்தால் வீட்டுக்கு 220. ஆக 1,240, 1,600, 880. கூட்டினால் 3,720, பில்லோடு காசு பிசகாமல் ஒத்துப்போகிறது.

கணக்கு சரி. ஆனால் கட்டணம் படிநிலையில் ஏறும் இடமாக இருந்தால் இரண்டாம் தளத்துக்காரர் ஒரு நாள் உங்களிடம் வந்து நிற்பார். முதல் 200 யூனிட்டுக்கு 3, அதற்கு மேல் 7.5 என்ற கட்டணத்தில்தான் மேற்கண்ட 3,600 வந்திருக்கிறது. அவர் பயன்படுத்தியது 110 யூனிட். தனி இணைப்பு இருந்திருந்தால் அவர் 330 கட்டியிருப்பார். நீங்கள் 660 வாங்குகிறீர்கள். நீங்கள் ஒரு காசுகூட லாபம் பார்க்கவில்லை. ஆனாலும் அவர் சொல்வது உண்மை. மூன்று குடும்பங்களின் பயன்பாடு ஒரே மீட்டரில் சேர்ந்ததால் எல்லோரும் மேல்படிக்குத் தள்ளப்பட்டுவிட்டார்கள்.

இதே கட்டடத்தில் மூன்று வீட்டுக்கும் தனி இணைப்பு, பொதுவுக்கு ஒன்று என நான்கு மீட்டர் இருந்தால் என்ன ஆகும்? 510, 825, 330, பொதுவுக்கு 270. மொத்தம் 1,935. நிலையான கட்டணம் நான்கு மடங்காகி 480. ஆக 2,415. இப்போது கட்டுவதைவிட 1,305 குறைவு, ஒவ்வொரு பில்லுக்கும். தனி இணைப்புக்கு ஆகும் செலவை இந்த மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள். மிச்சம் குடியிருப்பவருக்குத்தானே போகிறது, எனக்கென்ன என்று தோன்றலாம். மின்செலவு குறைந்த வீடு காலியாகக் கிடக்காது. சண்டையும் கணக்கும் இல்லாத கட்டடத்துக்கு அடுத்த முறை வாடகை பேசும்போது உங்கள் கை ஓங்கியிருக்கும். என்னைக் கேட்டால், படிநிலைக் கட்டணம் உள்ள இடத்தில் வீடு வாங்குகிறவர் வர்ணம் பூசுவதற்கு முன்பே செய்ய வேண்டிய முதலீடு இதுதான்.

தனி இணைப்பு கிடைக்கவே கிடைக்காது என்றால் மலிவுப் படியின் 200 யூனிட்டை மூன்று வீட்டுக்கும் சமமாகப் பிரித்துக்கொடுத்துவிட்டு, மீதியையும் பொதுப் பயன்பாட்டையும் மேல்படி விலையில் கணக்கிடலாம். அப்போது இரண்டாம் தளம் 880-க்குப் பதில் 790 கட்டும், முதல் தளம் 1,600-க்குப் பதில் 1,690 கட்டும், கீழ்த்தளத்துக்கு மாற்றமில்லை. குறைவாகச் செலவழிப்பவருக்கு இது கூடுதல் நியாயம். ஆனால் கணக்கு சிக்கலாகிவிடுவதால் மூன்று வீட்டாரும் ஒப்புக்கொண்டால் மட்டும் செய்யுங்கள்.

சப் மீட்டர் வாங்கும்போது துல்லியத்தில் வகுப்பு 1 என்று குறிப்பிட்டதை வாங்குங்கள். வழக்கமான சுமையில் பிழை ஒரு சதவீதத்துக்குள் அடங்கும் என்பது அதன் பொருள். சில இடங்களில் அரசு முத்திரை பெற்ற மீட்டரைக் கொண்டுதான் பணம் வசூலிக்கலாம். மெயினுக்கும் சப் மீட்டர்களின் கூட்டுத்தொகைக்கும் இடையே சில யூனிட் வித்தியாசம் எப்போதும் இருக்கும். அதைத் துரத்த வேண்டாம். அந்த இடைவெளி திடீரென்று பெருகினால் மட்டும் காரணத்தைத் தேடுங்கள்.

வாங்கிய விலைக்கு மேல் ஒரு காசும் வைத்து மின்சாரத்தை விற்காதீர்கள். பிரிட்டனில் குடியிருப்பவருக்கு மறுவிற்பனை செய்யும் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் உரிமையாளர் தான் கட்டிய விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்று விதியே உண்டு. உரிமம் இல்லாமல் மின்சாரம் விற்பதைத் தடுக்கும் நாடுகளும் இருக்கின்றன. சட்டத்தை விடுங்கள். யூனிட்டுக்கு அரைக் காசு கூட்டி வைத்து நீங்கள் சம்பாதிப்பதைவிட, அது தெரியவரும் நாளில் இழக்கும் நம்பிக்கை பெரிது.

6. பொதுச் செலவைப் பிரிப்பதற்கு முன் குறையுங்கள்

மேலே பார்த்த 90 யூனிட் எங்கே போனது என்று கேட்டால் பதில் வைத்திருக்க வேண்டும். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். மோட்டாருக்குள் நடக்கும் இழப்பையும் சேர்த்தால் ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறத்தாழ 1 யூனிட் எடுக்கும். தினம் 2 மணி நேரம் ஓடினால் 30 நாளில் 60 யூனிட். 60 வாட் பல்பு ஒன்று இரவு 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 21.6 யூனிட், அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடி 3.24 யூனிட்டில் முடித்துவிடும். ஆள் நடமாட்டத்தை உணரும் சுவிட்ச் வைத்தால் இன்னும் குறையும். இவற்றைச் செய்துவிட்டுக் குடியிருப்பவரிடம் பங்கு கேட்டால் அவர் முகம் வேறு மாதிரி இருக்கும்.

தண்ணீரில்தான் கண்ணுக்குத் தெரியாமல் பணம் ஓடுகிறது. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் ஒரு நாளில் 20 லிட்டருக்கும் மேல் வீணாக்கும். மாதத்துக்கு 600 லிட்டரைத் தாண்டும். கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியின் உள்வால்வு தேய்ந்திருந்தால் சத்தமே இல்லாமல் அதைவிடப் பன்மடங்கு போகும். உணவுக்குப் போடும் வண்ணத்தில் சில சொட்டுகளைத் தொட்டியில் விட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால் வால்வு ஒழுகுகிறது. ஒரு ரப்பர் துண்டை மாற்றினால் சரியாகிவிடும்.

கட்டடம் முழுவதற்கும் சோதனை வேண்டுமானால் இரவைப் பயன்படுத்துங்கள். எல்லோரும் படுத்த பிறகு தண்ணீர் மீட்டரைப் படம் எடுங்கள்; விடியற்காலையில், யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மீண்டும் எடுங்கள். பெரும்பாலான மீட்டர்களில் சிறு முக்கோணமோ நட்சத்திரமோ சுழலும். யாரும் தண்ணீர் பிடிக்காதபோதும் அது சுழன்றால் எங்கோ கசிகிறது. கசிந்த தண்ணீருக்கான பணத்தைக் குடியிருப்பவர்கள் மீது பங்கு போடாதீர்கள். குழாய் உங்களுடையது.

7. ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

"மின்சாரம், தண்ணீர் தனி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சச்சரவுக்கு விதை போடும் வரி அது. ஒவ்வொரு செலவுக்கும் பெயர் சொல்லி எழுதுங்கள்: யார் கட்டுவது, எந்த மீட்டர், எந்தத் தேதியில் ரீடிங் எடுப்பது, எந்த முறையில் பங்கிடுவது, எத்தனை நாளுக்குள் கட்டுவது, பில்லின் நகல் கொடுக்கப்படுமா, கட்டணம் உயர்ந்தால் என்ன, மீட்டர் பழுதானால் என்ன. மீட்டர் பழுதான மாதத்துக்கு முந்தைய மூன்று மாதச் சராசரியை எடுப்பது என்று எழுதிவிட்டால் போதும்.

வீடு பார்க்க வரும்போதே கடந்த ஆண்டின் சராசரி மின்சார, தண்ணீர்த் தொகையைச் சொல்லிவிடுங்கள். வாடகையை மட்டும் சொல்லி முன்பணம் வாங்கிய பிறகு மற்றதைச் சொல்வது முறையல்ல.

பங்கிடும் முறைக்கு உங்கள் ஊர் வாடகைச் சட்டத்தில் வரம்பு இருக்கிறதா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. ஒருமுறை கேட்டு எழுதிய வாசகத்தை எல்லா ஒப்பந்தத்திலும் பயன்படுத்தலாம்.

8. மாதச் சீட்டு

தொகையை மட்டும் எழுதி அனுப்புவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"இரண்டாம் தளம். முந்தைய ரீடிங் 4,312. இப்போதைய ரீடிங் 4,422. பயன்பாடு 110 யூனிட். மெயின் பில்: 600 யூனிட், 3,600, யூனிட்டுக்கு 6. உங்கள் பங்கு 660. பொதுப் பயன்பாடு 90 யூனிட் 540, நிலையான கட்டணம் 120. மூன்றில் ஒரு பங்கு 220. மொத்தம் 880. மெயின் பில், மீட்டர் படங்கள் இணைப்பில்."

ஒரு தொலைபேசித் திரையில் அடங்கிவிடும் இந்தச் சீட்டில் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்பது தெரிகிறது. ரீடிங் எடுக்கும் நாளில் அவரையும் பக்கத்தில் நிற்கச் சொல்லலாம். வர முடியாவிட்டால் தேதியோடு எடுத்த படம் போதும். மின்சார நிறுவனம் ரீடிங் எடுக்கும் அதே நாளில் சப் மீட்டர் ரீடிங்கையும் எடுப்பது மிக முக்கியம். நான்கு நாள் தள்ளிப்போனால் மெயினும் சப் மீட்டர்களும் வெவ்வேறு காலத்தைக் காட்டும். பொதுப் பயன்பாடு காரணமில்லாமல் கூடும், குறையும்.

பெரிய கட்டடங்களில் மெயின் மீட்டர், மின்னோட்ட மின்மாற்றி (பெரிய மின்னோட்டத்தைச் சிறிதாக்கி மீட்டருக்குக் கொடுக்கும் கருவி) வழியாக அளக்கும். அங்கே திரையில் தெரியும் எண்ணைப் பில்லில் உள்ள பெருக்கல் எண்ணால் பெருக்கினால்தான் உண்மையான யூனிட் வரும். மெயினும் சப் மீட்டர்களும் கொஞ்சமும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

9. குடிவரும் நாள், போகும் நாள், காலியாக இருக்கும் நாள்கள்

சாவி கொடுக்கும் நாளிலேயே எல்லா மீட்டரையும் படமெடுத்து, ரீடிங்கைத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். போகும் நாளிலும் அப்படியே. தண்ணீர் போல ஆள் கணக்கில் பிரிக்கும் செலவுக்கு நாள் கணக்கையும் சேர்க்க வேண்டும். 60 நாள் பில்லில் 3 பேர் உள்ள குடும்பம் 20-ஆம் நாள் போய்விட்டால் அவர்களுக்கு 60 ஆள்-நாள். 60 நாளும் இருந்த 2 பேருக்கு 120 ஆள்-நாள். பில்லை மொத்த ஆள்-நாளால் வகுத்தால் போதும்.

கடைசி பில் வருவதற்கு முன்பே முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். பில் வரும்வரை முழு முன்பணத்தையும் நிறுத்திவைக்காதீர்கள். முந்தைய பில்லின் அளவுக்கு ஒரு தொகையை மட்டும் எழுத்தில் குறித்து வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடுங்கள். பில் வந்ததும் கணக்கு முடித்து மீதியை அனுப்புங்கள்.

வீடு காலியாக இருக்கும்போது அதன் பொதுச்செலவுப் பங்கு உங்களுடையது. மூன்று வீட்டில் ஒன்று காலி என்பதற்காக 660-ஐ இரண்டால் வகுத்து மற்ற இருவரிடம் 330 வாங்கக் கூடாது. காலி வீட்டுக்கான நிலையான கட்டணங்களையும் உங்கள் ஆண்டுத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். ஹீட்டரை அணைத்து, தண்ணீர் வால்வை மூடி வையுங்கள். ஆளில்லாத வீட்டில் குழாய் வெடித்தால் பில் வரும்வரை யாருக்கும் தெரியாது.

நீங்களும் அதே கட்டடத்தில் ஒரு தளத்தில் குடியிருந்தால் உங்கள் வீட்டையும் மற்ற வீடுகளைப் போலவே கணக்கில் சேருங்கள்.

10. பணம் வராதபோது

மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்காதீர்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம்; குழந்தையோ நோயாளியோ உள்ள வீட்டில் அது கொடுமையும்கூட. வாடகைப் பாக்கிக்கு உள்ள சட்ட வழியே இதற்கும் வழி. முதலில் பேசுங்கள். தொகை எதிர்பாராமல் கூடியிருந்தால் இரண்டு மூன்று தவணையாகக் கட்டச் சொல்லுங்கள். கணக்கில் சந்தேகம் என்று சொன்னால் சப் மீட்டரைச் சோதித்துப் பார்க்க முன்வாருங்கள்: வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1,000 வாட் என்று குறிப்பிட்ட இஸ்திரிப் பெட்டி போன்ற ஒரு கருவியை மட்டும் ஓட்டி, துடிப்பை எண்ணினால் மீட்டர் ஓரளவு சரியா, முற்றிலும் தவறா என்பது தெரிந்துவிடும். கருவியின் வெப்பக் கட்டுப்பாடு அணைந்து எரிவதால், அது தொடர்ந்து சூடாகும் முதல் சில நிமிடத்துக்குள் எண்ணிவிடுங்கள். 3200 துடிப்பு மீட்டர் 1,000 வாட்டுக்கு நிமிடத்தில் 53 முறை மின்ன வேண்டும். அவர் கண் முன்னால் இதைச் செய்து காட்டுங்கள். தவறு மீட்டரில் இருந்தால் பழைய மாதங்களுக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

11. ஆண்டுக்கு ஒருமுறை

மாத மதிப்பீடாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஆண்டு இறுதியில் உண்மைச் செலவோடு ஒப்பிடும் முறையைப் பின்பற்றுகிறவர்கள், ஆண்டு முடிந்த ஓரிரு மாதத்துக்குள் கணக்கைக் கொடுத்துவிட வேண்டும். தாமதமான கணக்கில் பணம் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். ஜெர்மனியில் கணக்குக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் கொடுக்காவிட்டால், தாமதத்துக்கு உரிமையாளர் பொறுப்பல்ல என்றாலொழிய, கூடுதல் தொகையைக் கேட்கும் உரிமையே அவருக்குப் போய்விடும். அதிகமாக வாங்கியிருந்தால் கேட்கும் முன்பே திருப்பிக் கொடுங்கள்.

அதே நாளில் உங்களுக்கான கணக்கையும் எழுதுங்கள்: நீங்கள் கட்டிய மொத்தம், திரும்ப வந்தது, காலி நாள்களுக்கு உங்கள் கையிலிருந்து போனது, கசிவுக்குப் போனது. பொது மீட்டரின் 12 மாத யூனிட்டுகளை வரிசையாக எழுதி முந்தைய ஆண்டோடு பக்கத்தில் வையுங்கள். எந்த மாதத்தில் துள்ளியிருக்கிறதோ அந்த மாதத்தில் என்ன நடந்தது என்று குடியிருப்பவர்களிடமே கேளுங்கள். மோட்டார் நிற்காமல் ஓடிய நாளும் தொட்டி வழிந்த இரவும் உங்களைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர்கள் சொல்வதை வைத்து, தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்சை மாற்றுவதா, குழாயைப் பார்ப்பதா என்று முடிவெடுத்து, அடுத்த ஆண்டுக்கான மாத மதிப்பீட்டை அந்தக் கணக்கின் கீழேயே எழுதி எல்லோருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.